இரண்டு ரிங்குக்குப் பிட்டு

கண்ணகை அக்காவின் போன் முழுசாக ஒரு தடவை அடித்து நான் கேட்டதில்லை. முதல் சத்தம் எழும்பும்போதே எடுத்துக் காதில் வைத்துவிடுவார். கை மாவில் இருந்தாலும் சரி, சவர்க்கார நுரையில் இருந்தாலும் சரி. பிழையான நம்பருக்கு அடித்தவன்கூட அவரிடமிருந்து இலேசில் தப்ப முடியாது. "நீங்க ஆரத் தேடுறீங்க தம்பி? அவங்க எந்த ஊர்? சுகமா இரிக்காங்களா?" என்று பூர்வீகம் முழுக்க விசாரித்துத்தான் விடுவார். கம்பனிக்காரன் மெஷின் குரலில் கூப்பிட்டு ஏதாவது விளம்பரம் சொன்னாலும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மகள், வைக்கிறன்" என்பார். மெஷினுக்கு! திராய்மடுவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரிப்பேன். ஆனால் காரணம் தெரிந்துகொண்டு சிரிக்கிறவள் நான் ஒருத்திதான்.

ஒரேயொரு கோலை மட்டும் அவர் எடுப்பதில்லை. அது கடைசியில் வரும்.

நாங்கள் இருவரும் நாவலடி ஆட்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல், அதுதான் எங்கள் ஊர். சுனாமிக்குப் பிறகு எங்களை ஏற்றிக்கொண்டுவந்து திராய்மடுவில் இறக்கினார்கள். மாரி வந்தால் இங்கே முற்றத்தில் முழங்கால் தண்ணீர். கடலிலிருந்து காப்பாற்றிக் குளத்துக்குள் விட்ட புண்ணியவான்களை என்னவென்று சொல்வது. அக்காவின் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்தில். என் முன்னறையில் சின்னதாக ஒரு கடை போட்டேன். பருப்பு, சீனி, ரீலோட் கார்ட், சிம் எல்லாம் விற்பேன்.

அக்காவின் புருஷன் நல்லரத்தினம் அண்ணன் கடல் தொழில் செய்தவர். சமாதான காலத்தில் கட்டாரிலிருந்து லீவில் வந்த அவருடைய தங்கச்சி இரண்டு போன் கொண்டுவந்து கொடுத்தாள், அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாக வந்த போன்கள் அவைதான். அண்ணன் தன்னுடையதை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, சாரத்து மடியில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார். ஆனால் அதில் பேசமாட்டார். வாய் இருக்கிறது, வீடு இருக்கிறது, வந்து பேசலாம்தானே என்பார்.

அதனால் புருஷனும் பெண்சாதியும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். வலை இழுத்து, தோணியைக் கரைப் பக்கம் திருப்பியதும் அண்ணன் அடிப்பார். இரண்டு ரிங். வெட்டிவிடுவார். அக்கா எடுக்கவே கூடாது, எடுத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு விழும். இரண்டு ரிங் கேட்டதும் மாவைக் குழைத்து, ஓலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் இட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். தோணியைக் கரையேற்றி, மீனை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் வாசலில் கால் கழுவும் நேரத்துக்குப் பிட்டு ஆவி பறக்க இறங்கும். ஆறின பிட்டை அந்த மனிசன் தொடமாட்டார். நான் கிண்டலாகக் கேட்பேன், "என்னக்கா, போன் பேசவா வாங்கினீங்க, பிட்டு அவிக்கவா?" என்று. அக்காவுக்கு வெட்கம் வந்துவிடும். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி இல்லாமல் அத்தனை வருஷம் கழிந்த பிறகும் அந்த இரண்டு ரிங்குக்கு அவர் முகம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை நான் டவுன் சேர்ச்சில் பூசைக்குப் போயிருந்தேன். அதனால்தான் இன்றைக்கு இருந்து கதை சொல்கிறேன். அக்கா வீட்டில் நின்றார். போன் அடித்தது. இரண்டு ரிங் கேட்டு அக்கா மாச்சட்டியை எடுத்தார். ஆனால் அது நிற்கவில்லை. தன்பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. மனிசன் வெட்ட மறந்துவிட்டார், மடிக்குள் கிடந்து பட்டன் அமத்துப்பட்டிருக்கும் என்று அக்கா நினைத்தார். எடுத்தால் பேச்சு விழுமே என்று எடுக்கவில்லை. நீத்துப்பெட்டியைப் பானையில் வைக்கும்போது வெளியே சனம் கத்தியது.

அலை அக்காவைத் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்குள் எறிந்தது. அக்கரைக் கண்ணா மரப் பற்றையில் சேலை சிக்கிப் பிழைத்தார். வீடும் போனும் போய்விட்டன. அண்ணனின் தோணி பாதி வாவிக்குள் கிடந்தது. அண்ணன் கிடைக்கவில்லை.

அவர் என்ன சொல்ல அடித்தார்? கடல் உள்ளே போனதைக் கண்டு, ஓடச் சொல்லி அடித்தாரா? கடைசியாகக் குரல் கேட்க ஆசைப்பட்டாரா? இல்லை, உண்மையிலேயே மடிக்குள் அமத்துப்பட்டதா? கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா அந்தக் கேள்வியோடுதான் எழும்புவார், அதோடுதான் படுப்பார். எனக்கு இப்போதும் நெஞ்சைப் பிசைவது அதுதான். எடுக்க வேண்டாம் என்று சொன்ன மனிசன், எடுக்கச் சொல்லி அடித்திருப்பாரோ.

உடம்பு கிடைக்காததால் செத்தவீடும் நடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் செய்வோம் என்று வந்த மைத்துனியை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினார். பொட்டை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பே மாமாங்கக் குளத்தில் இறங்கிச் செத்தவர்களுக்கு முழுகும்போது, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். "அது செத்தாக்களுக்கு. எனக்கு ஆரு செத்த?" என்பார். போனைக் கையாலும் தொடமாட்டார். என் கடையில் யாருடைய போனாவது அடித்தால், வாங்க வந்த சாமானை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தார். கதவை உடைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்ததும் நான் சண்டை பிடித்து, என் பழைய போனில் கடைச் சிம் ஒன்றைப் போட்டுக் கையில் திணித்தேன். "எனக்கு மட்டும் அடிங்க, வேற ஆரும் உங்களுக்கு அடிக்கமாட்டாங்க" என்று சத்தியம் பண்ணினேன். ஒரு வருஷம் அந்தச் சத்தியம் பலித்தது.

பிறகு சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அந்த வைகாசி. டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. வன்னியில் ஆள் நின்ற வீடுகளில் அடுப்பும் எரியவில்லை. அந்த அமைதி கலைய முன்னர், ஒரு காலை அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"மேர்லின், அடிச்சவர்."

"ஆரு?"

"அவர்தான். ரெண்டு ரிங். வெட்டிட்டார்."

வாங்கிப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ் கோல். "அக்கா, இது பலன்ஸ் இல்லாத ஆரோ திருப்பி அடிக்கச் சொல்லி அடிக்கிறாங்க. ஊர் முழுக்க இப்பிடித்தானே. இன்னொருக்கா அடிச்சா எடுத்துக் கேளுங்க."

"எடுக்கப்படாது. அவருக்குப் பிடிக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வரியம் நான் தந்த சிம் இது. இந்த நம்பர் அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்கா என்னை ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செத்தாக்களுக்குத் தெரியாதது என்ன இரிக்கு புள்ள?"

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது. சொன்ன கையோடு வீட்டுக்குப் போய் மாக் குழைத்தார். செத்தவர் என்கிறார், அவருக்கே பிட்டும் அவிக்கிறார். இதில் எதை நம்புகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பருப்பு நிறுக்கப் போனேன்.

அடுத்த நாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும். அண்ணன் தோணி திருப்புகிற அதே காலை நேரம், இரண்டு ரிங், அவ்வளவுதான். அக்கா பிட்டு அவித்து இரண்டு தட்டில் போடுவார். ஒன்றைத் தான் தின்பார். மற்றது வாசலைப் பார்த்தபடி இருந்து ஆறும். ஆறியதும் என் வீட்டுக்கு வரும். ஆறினதை அண்ணன் தொடமாட்டாரே! கடலில் போன மனிசனின் பங்கை ஒவ்வொரு காலையும் நான் தின்றேன். தேங்காய்ப்பூ நிறையப் போட்ட நல்ல பிட்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் தின்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த நம்பரை மனதில் பிடித்துக்கொண்டு, என் போனிலிருந்து அடித்தேன். ஓர் ஆண் குரல், கரகரத்த குரல், "ஆரது?" என்றது. பின்னால் லொறிச் சத்தம், யாரோ அதட்டும் சத்தம். பயத்தில் வெட்டிவிட்டேன். அந்தக் காலத்தில் தெரியாத நம்பரில் அப்படி ஒரு குரல் கேட்டால் யார்தான் நின்று பேசுவார்கள்? வந்த கோபத்தை அக்காவிடம் காட்டினேன். "இஞ்ச பாருங்க, அடிச்சுப் பாத்திட்டன். அது ஆரோ ஒரு ஆம்பிள!"

அக்காவின் முகத்தில் விளக்கேற்றியது மாதிரி ஒரு வெளிச்சம். "ஆம்பிளையா?"

என் வாயை நானே கிழித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்கா திராய்மடுவில் பிட்டு அவிக்கவில்லை. "தோணி இஞ்ச எப்பிடி வரும்? அவருக்கு இந்த இடம் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு, மாவையும் தேங்காயையும் பானையையும் பையில் போட்டு, முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய், கல்லடிப் பாலம் கடந்து நாவலடிக்குப் போய்விடுவார். எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சம். அவருடைய குசினி இருந்த மூலையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒரு கிழமை கழித்து, அந்தப் பக்கம் கரைவலை இழுக்கிறவர் ஒருவர் என் கடையில் சுருட்டு வாங்கும்போது சொன்னார். "தங்கச்சி, அந்த மனிசி பிட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு கடலுக்குள்ள இறங்கி நிக்கிது. முந்தநாள் கணுக்கால். நேற்று இடுப்பு. நாங்க போய்த்தான் பிடிச்சு இழுத்த."

நான் கடையைப் பூட்டிக்கொண்டு அடுத்த நாள் அவரோடு போனேன். இனி என்ன வந்தாலும் இந்த மனிசியைத் தனியே விடுவதில்லை என்று முடிவு. வழி முழுக்க ஏசினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேலையைப் பார்த்தேன், புதுச் சேலை. தலையில் பூ வைத்திருந்தார். பஸ் இறங்கும்வரை நான் அவர் கையை விடவில்லை.

அடுப்பு எரிந்தது. மாக் குழைத்தாயிற்று. கடல் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரிக் கிடந்தது. அத்திவாரக் கட்டில் போன் இருந்தது. அது அடித்தது.

ஒன்று. இரண்டு. அக்கா நீத்துப்பெட்டியை எடுத்தார்.

போன் நிற்கவில்லை.

நீத்துப்பெட்டி கையிலிருந்து விழுந்தது. அக்கா போனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார். "மேர்லின், அண்டைக்கு மாதிரி... அண்டைக்கு மாதிரியே..." என்று சொல்லிக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தார். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. நானும் கடலைத்தான் பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன். அலை எழும்புகிறதா என்றுதான் பார்த்தேன்.

"எடுங்கக்கா!" என்று கத்தினேன். "இந்த முறையாவது எடுங்க!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கன்னத்தில் அறைந்ததுபோல அக்கா நிமிர்ந்தார். பாய்ந்து எடுத்து, மா அப்பிய கையோடு காதில் வைத்தார். என் பழைய போன் அது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

"அம்மா?"

ஒரு பெண் பிள்ளையின் குரல்.

அக்காவுக்கு நல்லரத்தினம் அண்ணன் அந்த நொடியில்தான் செத்தார் என்று நினைக்கிறேன். அக்கா மெல்ல மணலில் குந்தினார். "ஆரு மகள் நீ?" என்று கேட்டார்.

"அம்மா இல்லியா? இது எங்கட அம்மாட நம்பர்..."

"அம்மாட பேர் என்ன மகள்?"

"இலட்சுமிப்பிள்ளை. கல்குடா. நான் கம்சாயினி எண்டு சொல்லுங்க. வன்னியால வந்து வவுனியா முகாமில இரிக்கிறன். பக்கத்துக் கூடாரத்து ஐயாட போன் இது. அவர நாளைக்கு வெளியில விடுறாங்க. இனி எனக்குப் போன் இல்ல. அதாலதான் இண்டைக்கு வெட்டாம விட்டன்."

அந்தக் கரகரத்த குரல் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இவ்வளவு நாளும் ஏன் மகள் வெட்டினாய்?"

"வேற ஆரும் எடுத்திட்டா அம்மா இல்ல எண்டு தெரிஞ்சிருமே. இயக்கம் பிடிச்சிக்கொண்டு போனதில இருந்து வீட்டுச் செய்தி ஒண்டும் இல்ல. சுனாமி கல்குடாவையும் அடிச்சது எண்டு மட்டும் கேள்விப்பட்டன். இந்த நம்பருக்கு ரிங் போகுது. ரிங் போனா அம்மா இரிக்கிறா. எனக்கு அது காணும் எண்டு வெட்டிருவன்."

"நானும் அதுக்குத்தான் எடுக்கல்ல மகள்" என்றார் அக்கா.

அந்தப் பிள்ளைக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் அழத் தொடங்கினாள். அக்காவும் அழுதார். ஐந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பானைத் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து மணந்தது. பிறகு அக்கா மிச்ச மாவில் ஒரு பிட்டு அவித்து, அதை அத்திவாரக் கட்டில் வைத்து, காகத்தைக் கூப்பிட்டார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு நாங்கள் காகத்தைக் கூப்பிடுவதில்லை.

பாவிக்காமல் கிடக்கிற நம்பரைக் கம்பனிக்காரன் கொஞ்சக் காலத்தில் வேறு ஆளுக்கு விற்றுவிடுவான் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். சிம் விற்கிற எனக்கே தெரியாது! மனிசர் செத்தால் முப்பத்தோராம் நாள் இருக்கிறது, ஆண்டுத் திவசம் இருக்கிறது. நம்பருக்கு ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்து அடுத்த ஆளின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அக்கா அடுத்த பஸ்ஸில் கல்குடாவுக்குப் போனார். கேட்க வேண்டிய ஆளைக் கேட்டார். இலட்சுமிப்பிள்ளையும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். அவருடைய தங்கச்சி ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்தாள். அவளோடு அக்கா முகாமுக்குப் போய், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தாய் இல்லை என்ற செய்தியைத் தானே சொன்னார். புருஷனைப் பற்றி நேரே சொல்லாத சொல்லை முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குச் சொன்னார். அந்த ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் மோட்ச அருச்சனைக்கு அக்கா இரண்டு பெயர் கொடுத்தார். இலட்சுமிப்பிள்ளை என்ன உறவு என்று ஐயர் கேட்டாராம். "அவட நம்பர் என்னட்ட இரிக்கு, ஐயா" என்றாராம். ஐயருக்கு என்ன விளங்கியதோ, பெயரைச் சொல்லிப் பூப் போட்டிருக்கிறார்.

கம்சாயினியை அடுத்த வருஷம் விட்டார்கள். கல்குடாவில் சித்தியோடு இருக்கிறாள், தையல் வேலை. பெருநாளுக்கு, கோயிலுக்கு என்று இங்கே வந்து போவாள். அக்காவோடு பின்னேரங்களில் மணிக்கணக்கில் போனில் பேசுவாள். அதையெல்லாம் அக்கா முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார்.

காலையில் அடிப்பதை மட்டும் எடுக்கமாட்டார். ஒவ்வொரு காலையும் அவள் நம்பர் விழும். இரண்டு ரிங், பிறகு வெட்டுப்படும். போன் அடிக்கும்போது அக்கா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். முதல் தடவை கண்டபோது எனக்கு விளங்காமல் கேட்டேன்.

"அவள்தானே அடிக்கிறாள். எடுத்தா என்னக்கா?"

"அது எனக்கு வாற கோல் இல்லகா. அவள் தாய்க்கு அடிக்கிறாள்."

சொல்லிவிட்டு மாச்சட்டியை இழுத்தார்.

"அப்ப பிட்டு ஏன் அவிக்கிறீங்க?"

"அது என்ட மனிசனுக்கு" என்றார் அக்கா.

நான் வாசற்படியில் இருந்தேன். பிட்டு இறங்கியது. அண்ணனின் தட்டு ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அதை என்னிடம் நீட்டினார், நான் வாங்கித் தின்றேன்.